பாட்டும் நாடகமும்: ஒன்றாம் வகுப்புக்கு என்ன, எட்டாம் வகுப்புக்கு என்ன?

கரும்பலகை

வணக்கம். மேலூர்ப் பக்கம் ஒரு நடுநிலைப் பள்ளியில் டீச்சராக இருக்கிறேன். ஒன்றிலிருந்து எட்டு வரை வகுப்புகள். இந்த வருடம் எங்கள் தலைமையாசிரியர் ஒவ்வொரு வகுப்புக்கும் வாரம் ஒரு பீரியட் பாட்டுக்கும் நாடகத்துக்கும் என்று கால அட்டவணையில் எழுதி, என் பெயரைப் போட்டுவிட்டார். எனக்குச் சந்தோஷம்தான். பயமும் இருக்கிறது. முறையாகப் பாட்டுப் படித்தவள் இல்லை. ஆச்சி முளைப்பாரிக்குப் பாடும் கும்மிப் பாட்டு கொஞ்சம் வரும், அவ்வளவுதான்.

இதுவரை எங்கள் பள்ளியில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். ஆண்டு விழாவுக்கு ஒரு மாதம் இருக்கும்போது நன்றாக ஆடுகிற பன்னிரண்டு பிள்ளைகளைப் பொறுக்கி எடுப்போம். செல்போனில் ஒரு சினிமாப் பாட்டு. நாலு மணிக்கு மேல் ஒத்திகை. விழா முடிந்தால் அப்புறம் அடுத்த வருடம்தான். போன வருடம் விழாவுக்கு மறுநாள், சத்துணவு முடிந்து பிள்ளைகள் தட்டுக் கழுவுகிற குழாயடியில், நான்காம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி ஒரு கையில் தட்டோடு அந்தப் பாட்டின் அடி அத்தனையும் போட்டுக்கொண்டிருந்தாள். ஓர் இடம் பிசகவில்லை. அவளை நாங்கள் எடுக்கவே இல்லை. ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு பார்த்தே படித்திருக்கிறாள்.

அன்றிலிருந்து எனக்கு மனசு ஆறவில்லை. இந்த வருடம் பொறுக்குவதில்லை, எல்லாருக்கும் சொல்லித் தரப்போகிறேன். ஆனால் ஆறு வயதுப் பிள்ளைக்கும் பதிமூன்று வயதுப் பையனுக்கும் ஒரே பாடத்தை நடத்த முடியாது. எந்த வகுப்புக்கு எதைக் கொடுப்பது? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

ஆறுகட்டை

டீச்சர், நான் இசை ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். தல்லாகுளத்தில் இருக்கிறேன். உங்கள் கேள்வியைப் பார்த்ததும் உடனே எழுதத் தோன்றியது.

முதல் வேலை, சுருதி. பெரும்பாலான பள்ளிகளில் காலைப் பிரார்த்தனையிலேயே பிள்ளைகளின் குரல் கெட்டுப்போகிறது. சார் ஒருவர் தன் வசதிக்குத் தாழ்ந்த சுருதியில், ஒரு கட்டையிலோ ஒன்றரைக் கட்டையிலோ ஆரம்பிப்பார். சின்னப் பிள்ளைகளுக்கு அந்த இடத்தில் குரலே இருக்காது. பாதிப் பேர் முணுமுணுப்பார்கள், மீதிப் பேர் தொண்டை நரம்பு புடைக்க மேலே கத்துவார்கள். ஆர்மோனியத்தில் முதல் வெள்ளைக் கட்டை ஒன்று, ஐந்தாவது வெள்ளைக் கட்டை ஐந்து. அரை என்றால் அதற்கு அடுத்த கறுப்புக் கட்டை. ஒன்றாம் வகுப்பிலிருந்து ஐந்தாம் வகுப்பு வரை ஐந்து, ஐந்தரை கட்டையில் வைத்துக்கொள்ளுங்கள். ஆர்மோனியம் வேண்டும் என்பதில்லை. செல்போனில் இலவசமாகத் தம்பூரா இருக்கிறது. ஐந்து கட்டைக்கு வைத்து மேசையில் வைத்துவிட்டால் அது பாட்டுக்கு ஓடும்.

ஒன்று, இரண்டாம் வகுப்புக்கு ஸ்வரம் வேண்டவே வேண்டாம். காது மட்டும் போதும். கண்ணை மூடச் சொல்லுங்கள். வெளியே என்னென்ன சத்தம் கேட்கிறது, எது கிட்டே, எது தூரத்தில், எது உச்சம், எது மந்தம்? ஒரு நிமிடம் பேசாமல் இருந்து கேட்கிற பிள்ளைக்குப் பாதிச் சங்கீதம் வந்துவிட்டது. அப்புறம் கைத்தட்டு. நீங்கள் தட்டியதைத் திருப்பித் தட்டுவது. உங்கள் ஆச்சியின் கும்மிப் பாட்டை விடாதீர்கள். அதில் தட்டும் இருக்கிறது, வட்டமும் இருக்கிறது, ஓரடி முன்னால் ஓரடி பின்னால் என்று உடம்பும் இருக்கிறது. அந்த வயசுக்கு அதைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியாது.

மூன்றாம் வகுப்பில் சுருதியோடு சேர்ந்து ‘ஸா’ பிடிக்கட்டும். ஒரு மூச்சில் எவ்வளவு நேரம் நிற்கிறது என்று போட்டி வைத்தால் அவர்களே மூச்சை அடக்கக் கற்றுக்கொள்வார்கள். நாலு, ஐந்தில் சரளி வரிசை, அதாவது ஸ்வரங்களை ஏறி இறங்கிப் பாடும் முதல் பாடம். அதை மாயாமாளவகௌளை ராகத்தில் ஏன் ஆரம்பிக்கிறோம் என்றால், கீழே ஸ ரி க ம என்ன இடைவெளியில் ஏறுகிறதோ அதே இடைவெளியில்தான் மேலே ப த நி ஸ ஏறுகிறது. கீழ்ப் பாதி பிடிபட்டால் மேல் பாதி தானாக வரும். ரியும் கவும், தவும் நியும் நன்றாகத் தள்ளி நிற்பதால் பிள்ளைக் காதுக்கு வித்தியாசம் தெரியும்.

ஆறு, ஏழு, எட்டு பற்றித் தனியாக எழுத வேண்டும். அதில் நானே ஒரு பெரிய தவறு செய்திருக்கிறேன். இரவு எழுதுகிறேன்.

உசிலைத் தகப்பன்

நல்ல விஷயம்தான். ஆனால் ஒரு தகப்பனாகச் சொல்கிறேன். என் மகள் பத்தாம் வகுப்பு. அரையாண்டுத் தேர்வுக்கு முன்னால் ஆறு நாள் நாட்டுப்புற நடனப் போட்டிக்கு என்று கூட்டிப் போனார்கள். வட்டார அளவில் இரண்டாம் இடம், திரும்பி வந்துவிட்டாள். அந்த ஆறு நாளில் நடந்த கணக்குப் பாடத்தை யாரும் மறுபடி நடத்தவில்லை. பாட்டும் கூத்தும் பிள்ளைகளுக்கு வேண்டும், மறுக்கவில்லை. யார் வீட்டுப் பிள்ளையின் மார்க்கைக் கொடுத்து அது நடக்கிறது என்பதையும் பார்க்க வேண்டும்.

ஆறுகட்டை

சொன்னபடி எழுதுகிறேன்.

எட்டாம் வகுப்பில் ஒரு பையன். ஆறாம் வகுப்பிலிருந்தே பிரார்த்தனைக்கு அவன்தான் முதல் குரல். மணி மாதிரி இருக்கும். ஒருநாள் காலையில் மேலே போகும்போது குரல் பிளந்தது. பிள்ளைகள் சிரித்தார்கள். அவன் மறுபடி முயன்றான், மறுபடி பிளந்தது. அன்றைக்குப் பெரிய அதிகாரி ஒருவர் வந்திருந்தார். நான் அவன் பக்கத்தில் போய், “நீ வாயை மட்டும் அசைடா” என்று காதில் சொன்னேன். அவன் தலையாட்டினான். அன்றைக்கு வாயை அசைத்தான். அதற்கப்புறம் அவன் பாடியதை நான் கேட்கவே இல்லை. பள்ளியை விட்டுப் போகும் வரை பின்வரிசையில்தான் நின்றான்.

பன்னிரண்டிலிருந்து பதினாலு வயதுக்குள் பையன்களுக்குக் குரல்வளை மளமளவென்று வளர்கிறது. குரல் நாண்கள் நீண்டு தடிக்கின்றன. குரல் கிட்டத்தட்ட ஒரு ஸ்தாயி கீழே இறங்கிவிடும். இறங்கி முடிகிற வரைக்கும் அது எங்கே நிற்கும் என்று அவனுக்கே தெரியாது. பெண் பிள்ளைகளுக்கும் மாறும், ஆனால் கொஞ்சமாக மாறும். சில மாதம் காற்றுக் கலந்த மாதிரி கேட்கும். இது நோய் இல்லை, குறை இல்லை, பாட்டை நிறுத்தவும் வேண்டாம். இது எனக்கு அன்றைக்கே தெரிந்திருந்தால் அவனுக்கு ஒரு வருடம் வேறு வேலை கொடுத்து என்னோடு வைத்திருப்பேன்.

பிற்பாடு இப்படித்தான் செய்தேன். குரல் மாறுகிற பையன்களைத் தனியாக உட்கார வைத்து, ஒன்று அல்லது ஒன்றரைக் கட்டையில், ஐந்து ஸ்வரத்துக்குள் அடங்குகிற பாட்டாகக் கொடுப்பேன். உச்சஸ்தாயிப் பக்கமே போவதில்லை. கத்த விடுவதில்லை. தாளம் அவர்கள் பொறுப்பு. தகதிமி நாலு, தகிட மூன்று, தகதகிட ஐந்து, தகிடதகதிமி ஏழு. கையில் எட்டு அட்சரம், அதாவது எட்டு எண்ணிக்கை உள்ள ஆதி தாளம் போட்டுக்கொண்டு வாயில் மூன்று மூன்றாகச் சொல்லச் சொன்னால், எட்டும் மூன்றும் எங்கே சேரும் என்று அவர்களே விரல் விட்டு எண்ணுவார்கள். இருபத்துநாலாவது அட்சரத்தில் எல்லாரும் ஒன்றாக வந்து விழும்போது வகுப்பே கத்தும். மீச்சிறு பொது மடங்கை அதற்கப்புறம் கணக்கு சார் சுலபமாக நடத்திவிடலாம்.

உசிலைத் தம்பி, உங்கள் கோபம் நியாயம். அதைப் பள்ளி நிர்வாகம் தெரிந்தவர் யாராவது சொல்லட்டும்.

பின்பாட்டு மகன்

பையன்களுக்குக் குரல் மாறுவதாக ஆறுகட்டை அம்மா சொன்ன அந்த நிலைமைக்குப் பெயரே எங்கள் தொழிலில் இருக்கிறது: மகரக்கட்டு. “பையனுக்கு மகரக்கட்டு வந்திருச்சு” என்றால் நாடகக் கம்பெனியில் எல்லாருக்கும் விளங்கும்.

எங்கள் அப்பா ஸ்பெஷல் நாடகத்துக்கு ஆர்மோனியம் வாசித்து, பின்பாட்டும் பாடியவர். அவர் சொல்லக் கேட்டது. நாடகம் கற்றுக்கொடுப்பது மதுரைக்கு ஒன்றும் புதிதில்லை. சங்கரதாஸ் சுவாமிகள் 1918-ல் இங்கேதான் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபாவை ஆரம்பித்தார். முழுக்கச் சிறுவர்கள். டி.கே.எஸ். சகோதரர்கள் அதில் வளர்ந்தவர்கள். எம்.ஜி.ஆரும் அவர் அண்ணனும் மதுரை ஒரிஜினல் பாய்ஸ் கம்பெனியில் சேர்ந்தது அதற்குப் பிந்திய கதை. அந்தச் சபாக்களில் பாட்டு, வசனம், தமிழ் மூன்றும் ஒரே வாத்தியாரிடம் ஒரே இடத்தில் நடந்தது. பையன்களுக்குச் செய்யுள் மனப்பாடம், உச்சரிப்பு, குரல் எல்லாம் ஒரே பாடம். மகரக்கட்டு வந்த பையனுக்குத்தான் பாவம், அத்தனை நாள் பாடிய வேஷம் கைவிட்டுப் போகும்.

ஒன்றையும் மறைக்கக்கூடாது. அந்தப் பிள்ளைகள் பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு, வீட்டை விட்டுவிட்டுப் போனவர்கள். பலர் வறுமையால் போனவர்கள். அந்தப் பழக்கம் திரும்ப வரவேண்டாம். அந்தப் படிப்பு மட்டும் பள்ளிக்கூடத்துக்குள் வரட்டும் என்கிறேன்.

டீச்சர், உங்கள் ஏழு, எட்டாம் வகுப்புக்கு நான் ஒரு பயிற்சி சொல்கிறேன். வள்ளி திருமணத்தில் வள்ளிக்கும் நாரதருக்கும் நடக்கிற தர்க்கம் பார்த்திருப்பீர்கள். மேலூர்ப் பக்கம் பங்குனியில் எந்த ஊர்த் திருவிழாவிலும் நடக்கும். ஸ்பெஷல் நாடகத்தில் ராஜபார்ட் ஓர் ஊர், ஸ்திரீபார்ட் ஓர் ஊர், பபூன் ஓர் ஊர், ஆல்ரவுண்டு என்கிற தாள வாத்தியங்கள் வாசிப்பவர் இன்னோர் ஊர். தனித்தனியாகத் தேதி வாங்கி, அன்றைக்கு ராத்திரிதான் மேடைக்குப் பின்னால் சந்திப்பார்கள். ஒத்திகை கிடையாது. கதை எல்லாருக்கும் தெரியும். ஆனால் எதிராளி என்ன கேட்பார் என்று தெரியாது. அதனால் விடிய விடியக் காதைத் தீட்டிக்கொண்டு நிற்க வேண்டும். எங்கள் அப்பா இடது கையால் துருத்தி போட்டுக்கொண்டே கண்ணை நடிகர் உதட்டிலேயே வைத்திருப்பார். அவர் மூச்சு இழுக்கும்போதே அடுத்தது பாட்டா வசனமா என்று இவருக்குத் தெரிந்துவிடும். நடிகர் மாறியதும் கட்டையும் மாறும், அதற்குள் விரல் அங்கே போயிருக்கும்.

தர்க்கத்துக்கு எங்கள் வீட்டில் அப்பா வைத்த விதி ஒன்றுதான். எதிராளி கடைசியாக விட்ட சொல்லை எடுத்து உன் பதிலை ஆரம்பிக்க வேண்டும். அந்த ஒரு விதியை வைத்து இரண்டு பிள்ளைகளைச் சண்டை போட விடுங்கள். வசனம் எழுதிக் கொடுக்காதீர்கள்.

தலைமை மேசை

உசிலைத் தகப்பனுக்குப் பதில். நான் ஓர் அரசு உயர்நிலைப் பள்ளித் தலைமையாசிரியர். அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கான கலைப் போட்டியான கலைத் திருவிழா 2022-23-ல் ஆறிலிருந்து பன்னிரண்டு வரைக்கும் ஆரம்பமானது. இப்போது ஒன்றாம் வகுப்பிலிருந்தே உண்டு. பள்ளி, வட்டாரம், மாவட்டம், மாநிலம் என்று படிப்படியாகப் போகும். மாநில அளவில் ஜெயித்தவர்களுக்குக் கலையரசன், கலையரசி விருது. கிராமத்துப் பிள்ளை சென்னையில் மேடை ஏறுகிறது, அதன் மதிப்பு எனக்குத் தெரியும். எங்கள் பள்ளிப் பிள்ளை ஒன்று மாவட்டம் வரை போனபோது ஊரே பேசியது.

ஆனால் வருடம் முழுக்கப் பாட்டுப் பீரியடே இல்லாமல் போட்டி வந்ததும் ஆறு நாளில் தயார் செய்தால் நீங்கள் சொன்னதுதான் நடக்கும். கணக்கு போகும். தயாரிப்பும் அரைகுறையாக இருக்கும். ஜெயிப்பதும் வீட்டில் தனியாகக் கிளாஸ் போகிற பிள்ளையாகத்தான் இருக்கும். வாரம் ஒரு பீரியட் தவறாமல் நடந்த பள்ளியில் போட்டிக்கு இரண்டு நாள் ஒத்திகை போதும். எங்கள் பள்ளியில் அப்படித்தான் நடக்கிறது. பத்தாம் வகுப்புக்கு நான் நாடகம் வைப்பதில்லை. வெள்ளிக்கிழமை கடைசி இருபது நிமிடம் எல்லாரும் ஒன்றாக உட்கார்ந்து பாடுவார்கள். அந்த இருபது நிமிடத்தை எந்தப் பாட ஆசிரியரும் கேட்கக்கூடாது என்று ஆசிரியர் கூட்டத்திலேயே சொல்லிவிட்டேன்.

ஆள் பற்றாக்குறைதான் பெரிய பிரச்சினை. கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணையிலேயே, ஆறு முதல் எட்டு வரை நூறு பிள்ளைகளுக்கு மேல் இருந்தால் கலைக்குப் பகுதிநேர ஆசிரியர் வேண்டும் என்று இருக்கிறது. 2012-ல் தமிழ்நாட்டில் ஓவியம், உடற்கல்வி, இசை, தையல், கணினி எல்லாம் சேர்த்து 16,549 பேரை எடுத்தார்கள். மாதம் 5,000 ரூபாய், வாரம் மூன்று அரை நாள். சம்பளம் இப்போது கூடியிருக்கிறது, வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. பாட்டுச் சொல்லிக்கொடுக்கிறவர் மூன்று அரை நாள் இங்கே இருந்துவிட்டு மீதி நாள் பிழைப்புக்கு அலைந்தால், அவரிடம் எப்படி வகுப்பு வாரியாகப் பாடத்திட்டம் கேட்பது? இதை நான் எந்த மேடையிலும் சொல்வேன்.

கரும்பலகை டீச்சர், ஒன்றிலிருந்து ஐந்து வரைக்கும் நீங்கள் புதிதாக எதையும் சுமக்க வேண்டாம். எண்ணும் எழுத்தும் என்று அரசு நடத்துகிற அடிப்படைப் படிப்புத் திட்ட வகுப்பில் ஏற்கெனவே பாட்டு, கதை, பொம்மை எல்லாம் இருக்கிறது. அந்தப் பாட்டுகளையே நல்ல சுருதியில் பாட வையுங்கள், போதும்.

உசிலைத் தகப்பன்

தலைமையாசிரியர் ஐயா, உங்கள் பள்ளி மாதிரி இருந்தால் எனக்கு ஆட்சேபம் இல்லை. என் மகள் இப்போதும் வீட்டில் அந்த ஒயிலாட்டப் பாட்டைப் பாடிக்கொண்டுதான் இருக்கிறாள். நான் தடுக்கவில்லை. இன்னொன்றும் கேட்கிறேன். பாட்டுப் படித்தால் பிற்காலத்தில் கையில் ஒரு சான்றிதழாவது உண்டா?

ஆறுகட்டை

உண்டு தம்பி. அரசுத் தேர்வுகள் துறை நடத்துகிற தொழில்நுட்பத் தேர்வில் இசைக்கு லோயர், ஹையர் என்று இரண்டு நிலை இருக்கிறது. நான் அந்த வழியில் வந்தவள்தான். பசுமலையில் அரசு இசைக் கல்லூரி இருக்கிறது. பள்ளி முடித்துவிட்டு வாய்ப்பாட்டு, நாதஸ்வரம், தவில், வயலின், மிருதங்கம் என்று எதற்கும் சேரலாம். ஐந்திலிருந்து பதினாறு வயது வரைக்கும் ஜவகர் சிறுவர் மன்றம் இருக்கிறது, கட்டணம் மிகக் குறைவு. ஆனால் சான்றிதழுக்காக மட்டும் சேர்க்காதீர்கள். அவள் வீட்டில் பாடிக்கொண்டிருக்கிறாள் என்றீர்களே, அதற்காகச் சேருங்கள்.

அடிக்குச்சி

நான் அலங்காநல்லூர்ப் பக்கம். பள்ளிப் பிள்ளைகளுக்குப் பறை சொல்லித் தருகிறேன். இங்கே சுருதி, ஸ்வரம் என்று பேச்சு போகிறது, நல்லது. பறையையும் பேசுவோம்.

ஒரு பள்ளியில் ஆறாம் வகுப்புக்குப் பறை ஆரம்பித்த இரண்டாவது வாரம் மூன்று பெற்றோர் வந்தார்கள். “எங்க பிள்ளை இதைத் தொடக்கூடாது. வேற ஏதாவது சொல்லிக் கொடுங்க, இல்லன்னா டி.சி. கொடுங்க” என்றார்கள். அவர்கள் என் முகத்தைப் பார்த்துப் பேசவில்லை. வகுப்பில் இருந்த என் ஊர்ப் பிள்ளைகள் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அது இன்னும் என் கண்ணில் நிற்கிறது. பள்ளி பின்வாங்கிவிட்டது. மறு வாரம் கீபோர்டு வாங்கிவிட்டார்கள். இசைக் கல்வி என்று பேசும்போது எந்த இசை உள்ளே வருகிறது, எது வாசலிலேயே நிறுத்தப்படுகிறது என்றும் பேச வேண்டும். எங்கள் பறைக் கலைஞர் வேலு ஆசானுக்கு 2025-ல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். அதற்கப்புறம் கூப்பிடுகிற பள்ளிகள் கூடியிருக்கின்றன. சந்தோஷம். விருது வருவதற்கு முன்னாலும் அது இதே பறைதான்.

இப்போது போகிற பள்ளியில் நான் முதல் நாள் அடிக்கவே விடுவதில்லை. சுள்ளி பொறுக்கி வரச் சொல்வேன். தீ மூட்டி, பறையைச் சுற்றிச் சுற்றிக் காட்டுவோம். தோல் விறைக்க விறைக்கச் சத்தம் மாறும். பிள்ளைகள் ஒவ்வொருவராக விரலால் சுண்டிப் பார்ப்பார்கள். தொளதொள என்று இருந்தது கணீரென்று ஆகும்போது அவர்கள் முகத்தைப் பார்க்க வேண்டும். அப்புறம் இடது கையில் நீளமான சிண்டுக்குச்சி, வலது கையில் குட்டையான அடிக்குச்சி. எட்டு வயதுக்குக் கீழ் தோளில் மாட்ட வேண்டாம், கனம் தாங்காது. அவர்களுக்குத் தரையில் வைத்துக் கையால் தட்டினால் போதும். ஏழாம் வகுப்புக்கு மேல் அடித்துக்கொண்டே ஆடலாம். ஒரே நேரத்தில் காலும் கையும் கண்ணும் வேலை செய்யும்.

கரும்பலகை அக்கா, உங்கள் பள்ளிக்குக் கூப்பிட்டால் வருகிறேன்.

கரும்பலகை

தம்பி, கண்டிப்பாகக் கூப்பிடுவேன். தலைமையாசிரியரிடம் இன்றைக்கே சொல்கிறேன். பெற்றோர் யாராவது வந்தால் நான் பேசிக்கொள்கிறேன். பிள்ளைகளைத் தரையைப் பார்க்க விடமாட்டேன்.

வட்டத்தில் நில்

பாட்டு நிறையப் பேசியாகிவிட்டது. நாடகத்துக்கு நான் கொஞ்சம் சொல்கிறேன். பதினைந்து வருடமாகப் பள்ளிகளில் நாடகப் பட்டறை நடத்துகிறேன். 1977-ல் காந்திகிராமத்தில் பேராசிரியர் சே. இராமானுஜம் முன்னின்று நடத்திய நாடகப் பயிற்சி முகாமும், மறு வருடம் மதுரையில் மு. ராமசாமி ஆரம்பித்த நிஜ நாடக இயக்கமும்தான் எங்களைப் போன்றவர்களுக்கு வழி போட்டவை. உடம்பைப் பழக்காமல் வசனத்தைப் பழக்காதே என்பதை அங்கிருந்து வந்தவர்களிடம்தான் கற்றேன்.

ஒன்று, இரண்டாம் வகுப்புக்குப் பார்வையாளர் வேண்டாம். மேடை வேண்டாம். வசனம் வேண்டவே வேண்டாம். அவர்கள் ஏற்கெனவே நாடகத்தில்தான் இருக்கிறார்கள். மண்ணில் சோறாக்கி நமக்குப் பரிமாறுகிற பிள்ளைக்கு நடிப்புச் சொல்லித்தர நாம் யார்? நாலு பேர் சேர்ந்து ஒரு மாட்டுவண்டி ஆகுங்கள் என்று சொன்னால் போதும். சக்கரம் யார், நுகத்தடி யார் என்று அவர்களே பிரித்துக்கொள்வார்கள்.

மூன்றிலிருந்து ஐந்து வரை கதை. பாதிக் கதை சொல்லி நிறுத்துங்கள். மீதியை வகுப்பே நடித்துக் காட்டட்டும். இந்த வயதில் யாரையும் தனியாக நிறுத்தாதீர்கள். ராஜா வேஷம் என்றால் ஐந்து பேர் ராஜா. மரம் என்றால் பத்துப் பேர் மரம். “நீ மரமா நில்லு” என்று ஒரு பிள்ளையை ஓரமாக நிறுத்தி விழாவை முடிப்பது நம் பள்ளிகளில் பெரிய பாவம். அந்த மரத்துக்கு ஒரு வரியாவது இருக்க வேண்டும்.

ஆறிலிருந்து எட்டு வரை கூச்சம் வந்துவிடும். பையனும் பொண்ணும் பக்கத்தில் நிற்கவே மாட்டார்கள். வற்புறுத்த வேண்டாம், கையைப் பிடிக்கச் சொல்ல வேண்டாம். நடுவில் ஒரு பொருளைக் கொடுங்கள். ஒரு குடம், ஒரு துண்டு, ஒரு கம்பு. துண்டு தலையில் இருந்தால் சுமை தூக்குகிறவர், தோளில் இருந்தால் பெரியவர், கக்கத்தில் போனால் என்ன அர்த்தம்? கடைசிக் கேள்வியை எட்டாம் வகுப்பில் கேட்டுப் பாருங்கள். அந்த ஒரு துண்டில் ஊரின் வரலாறே வெளியே வரும். பின்பாட்டு மகன் சொன்ன தர்க்கம் இந்த வயதுக்கு அருமையான பயிற்சி, நானும் எடுத்துக்கொள்கிறேன்.

ஒன்பதுக்கு மேல் முழு நாடகம் போடலாம். ஆனால் நடிப்பு மட்டும் நாடகம் என்று நினைக்க விடாதீர்கள். விளக்கு, உடை, திரை, தாளம், கணக்கு எழுதுவது என்று வகுப்பில் நாற்பது பேர் இருந்தால் நாற்பது வேலை இருக்கிறது.

குரலுக்கு ஒரு வழி. “சத்தமாப் பேசு” என்று சொன்னால் பிள்ளை தொண்டையிலிருந்து கத்தும். அதற்குப் பதில் வராண்டாவின் இந்தக் கோடியில் ஒரு பிள்ளை, அந்தக் கோடியில் ஒரு பிள்ளையை நிறுத்தி, “தண்ணி வந்திருச்சா?” என்று கேட்கச் சொல்லுங்கள். ஆளைப் பார்த்துக் கேட்டால் குரல் தானாகப் போய்ச் சேரும். தண்ணிக் குழாயடியில் அவர்கள் அம்மாக்கள் அப்படித்தானே பேசுகிறார்கள்.

கரும்பலகை

எல்லாருக்கும் நன்றி. மூன்று வாரம் நடத்திப் பார்த்துவிட்டு எழுதுகிறேன்.

இரண்டாம் வகுப்பு சரியாக வரவில்லை. மாட்டுவண்டிக்குப் பதில் காட்டு மிருகம் என்று சொல்லிவிட்டேன். இருபது பேரும் சிங்கம் ஆனார்கள். ஒரு சிங்கம் இன்னொரு சிங்கத்தைக் கடித்துவிட்டது. அழுகை, பக்கத்து வகுப்பு டீச்சர் வந்து எட்டிப் பார்த்தார். நிறுத்துவதற்கு என்ன வழி?

தம்பூராவை ஐந்து கட்டைக்கு வைத்தேன். முதல் நாளே வித்தியாசம் தெரிந்தது. நான்காம் வகுப்பில் ஒரு பிள்ளை, “டீச்சர், இன்னைக்குத் தொண்டை வலிக்கல” என்றாள். இத்தனை வருடம் வலித்திருக்கிறது, எனக்குத் தெரியவில்லை.

ஏழாம் வகுப்பில் தர்க்கம் வைத்தேன். தலைப்பை அவர்களே எடுத்தார்கள்: கண்மாய்க்கும் போர்வெல்லுக்கும் சண்டை. கண்மாயாக நின்றது, வகுப்பில் வாயே திறக்காத பிள்ளை. போர்வெல் ஒரு பையன். ஞாபகம் இருக்கிற வரைக்கும் எழுதுகிறேன்.

“நான் நிறைஞ்சாத்தான் உனக்கே தண்ணி.”

“தண்ணியா? உன் வயித்துல இருக்கிறது பூராம் கருவேல மரம்!”

“கருவேல மரத்தை நானா வச்சேன்? தூர் வாராம விட்டது யாரு?”

“யாருன்னா? உன் மடையை அடைச்சு வீடு கட்டுனாங்களே, அவங்க!”

“அவங்க வீட்டு முற்றத்துலதானே உன்னை இறக்கியிருக்காங்க!”

வகுப்பு அப்படியே அடங்கிவிட்டது. பையனுக்கு அடுத்த சொல் வரவில்லை. அந்தப் பிள்ளை நின்ற இடத்திலேயே நின்றாள், மூச்சு வாங்கிக்கொண்டு. வீட்டுக்குப் போய் நான் முதலில் செய்த காரியம், இதை நோட்டில் எழுதி வைத்ததுதான்.

பின்பாட்டு மகன்

“அவங்க வீட்டு முற்றத்துலதானே உன்னை இறக்கியிருக்காங்க.” அப்பா இருந்திருந்தால் ஆர்மோனியத்தை நிறுத்திவிட்டுக் கை தட்டியிருப்பார். அந்தப் பிள்ளையை வருகிற பங்குனியில் ஒரு நாடகத்துக்குக் கூட்டிப் போங்கள் டீச்சர். வீட்டார் துணையோடு, முன்வரிசையில் பாயில் உட்கார வைத்து, தர்க்கம் முடிகிற வரைக்குமாவது பார்க்கட்டும்.

வட்டத்தில் நில்

சிங்கத்துக்கு வழி இருக்கிறது. விளையாட்டு ஆரம்பிக்கும் முன்பே நிறுத்தச் சொல் ஒன்றைப் பழக்குங்கள். நான் “கல்!” என்பேன். சொன்னதும் இருந்த இடத்தில் கல்லாகிவிட வேண்டும். முதல் பத்து நிமிடம் ஓடுவதும் கல்லாவதும் மட்டும்தான். கல் பழகாத வகுப்பில் மிருகத்தை அவிழ்த்துவிடக் கூடாது.

ஆறுகட்டை

தொண்டை வலிக்கவில்லை என்று அந்தப் பிள்ளை சொன்னதை மூன்று தடவை படித்தேன்.

எட்டாம் வகுப்பு பற்றி நீங்கள் எழுதவில்லையே டீச்சர்? பையன்கள் பாடுகிறார்களா?

கரும்பலகை

நான்கு பேர் பாடுவதில்லை அம்மா. பின்னால் உட்கார்ந்து பெஞ்சைத் தட்டுகிறார்கள். குரல் மாறுகிற பையன்கள்தான். வாயை அசைக்கச் சொல்லவில்லை. ஆனால் எந்தக் கட்டையில் அவர்களை உட்கார வைப்பது என்று எனக்குப் பிடிபடவில்லை. ஒருவனுக்குச் சரியாக வந்தால் மற்றவனுக்கு வரவில்லை.

ஆறுகட்டை

பெஞ்சைத் தட்டுகிறார்களா? அப்படியானால் அவர்கள் உள்ளேதான் இருக்கிறார்கள். ஒவ்வொருவனையும் தனியாகப் பேச விட்டுக் கேட்டால் கட்டை தெரியும். அதை எழுத்தில் சொல்ல முடியாது, காதால் கேட்க வேண்டும். மாட்டுத்தாவணியில் பஸ் ஏறினால் மேலூர் ஒரு மணி நேரம்தான். வியாழக்கிழமை வரட்டுமா?

கரும்பலகை

வாங்கம்மா. எட்டாம் வகுப்புக்கு வியாழக்கிழமை மூன்றாவது பீரியட். பஸ் ஸ்டாண்டுக்கு நானே வந்துவிடுகிறேன்.